துப்பாக்கியின் முதல் குண்டு ஏன் முரண்டு பிடிக்கிறது?

2022 ஜூலையில் திருச்சி ரைபிள் கிளப்பில் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி நடந்தது. போட்டி எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறதோ, அஜித் வந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பிஸ்டல் பிரிவுகளில் சுட்டு, அணிப் போட்டிகளில் தங்கம் வாங்கிக்கொண்டு போனார். கூடியிருந்த ரசிகர்களுக்கு அவர் மாடியில் நின்று கையசைத்த வீடியோ, தஞ்சாவூர், கும்பகோணம் வாட்ஸ்அப் குரூப்களில் பல நாள் சுற்றியது.

அந்த ஆர்வம் இன்னும் அடங்கவில்லை போலிருக்கிறது. இந்த வாரக் கேள்வி பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து. "தாத்தா வைத்திருந்த .32 பிஸ்டல், இப்போது என் பெயரில் லைசென்ஸோடு இருக்கிறது. டபுள் ஆக்‌ஷன் வகை. முதல் தடவை டிரிக்கரை இழுக்க விரல் வலிக்கிறது, குண்டும் குறிக்குக் கீழே போகிறது. ஸ்பிரிங்கை மாற்றி, உள்ளே பாலிஷ் போட்டால் வெண்ணெய் மாதிரி ஆகிவிடும் என்று யூடியூபில் காட்டுகிறார்கள். நானே செய்யலாமா?"

கூடாது. ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் அவர் சொல்லும் பிரச்னை உண்மையானது, அதற்கு வழியும் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

துப்பாக்கிக்குள் நடப்பது ரொம்ப எளிமையான விஷயம். ஒரு சின்ன சுத்தியல், அதைத் தள்ளும் ஸ்பிரிங், சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் கொக்கி. கொக்கி விலகினால் சுத்தியல் பாய்ந்து ஊசியைத் தட்டும், ஊசி தோட்டாவின் பின்புறத்தைக் குத்தும், மருந்து பற்றிக்கொள்ளும்.

உண்டிவில்லை நினைத்துக்கொள்ளுங்கள். ரப்பரை ஏற்கெனவே இழுத்துப் பிடித்திருக்கிறீர்கள், விட வேண்டியதுதான் பாக்கி என்றால் அது சிங்கிள் ஆக்‌ஷன். டிரிக்கரின் வேலை கொக்கியை விலக்குவது மட்டும். இழுப்பதையும் விடுவதையும் அதே விரல் ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்றால் டபுள் ஆக்‌ஷன்.

இந்த வகை பிஸ்டலில் முதல் குண்டுக்கு இழுப்பு, விடுப்பு இரண்டும் விரலின் தலையில். அந்தக் குண்டு வெளியேறும் வேகத்தில் மேல்பகுதி பின்னால் நகர்ந்து சுத்தியலைத் தானே மடக்கி வைத்துவிடும். இரண்டாவது குண்டிலிருந்து லேசாகத் தொட்டாலே போதும். ஜெர்மனியின் வால்தர் நிறுவனம் 1929-ல் கொண்டுவந்த பிபி, அடுத்து 1938-ன் பி38, பிற்பாடு இத்தாலியின் பெரெட்டா 92 எல்லாம் இந்த வழியில் வந்தவைதான். நம் போலீஸ்காரர்கள் இடுப்பில் பல காலம் பார்த்த, இஷாப்பூர் தொழிற்சாலையில் தயாரான 9 எம்எம் பிஸ்டல் இந்த வகை இல்லை. அது சிங்கிள் ஆக்‌ஷன்.

எவ்வளவு கனம்? பெரெட்டா 92-ல் முதல் குண்டுக்கு 5 கிலோவுக்கு மேல் விசை தேவைப்படும். அடுத்த குண்டுக்கு அதில் பாதிதான். 5 கிலோ பொன்னி அரிசிப் பையை ஆள்காட்டி விரலின் நுனியால் மட்டும் தூக்கிப் பாருங்கள், புரியும். பிஸ்டலின் எடையோ ஒரு கிலோவைத் தொடாது. ஒரு கிலோகூட இல்லாத பொருளை 5 கிலோ விசையால் ஒரு பக்கமாக இழுத்தால் ஆடாமல் என்ன செய்யும்? பட்டுக்கோட்டைக்காரரின் குண்டு கீழே போவதன் காரணம் இதுதான். விரலோடு சேர்ந்து மொத்தக் கையும் இறுகி, முனையைக் கீழே இழுத்துவிடுகிறது. இரண்டாவது குண்டில் நேர் எதிர்: அதே பலத்தோடு இழுக்கப்போய், நினைப்பதற்கு முன்பே வெடித்துவிடும்.

அந்த 5 கிலோ வேண்டுமென்றே வைக்கப்பட்டது. தோட்டா உள்ளே இருக்கும் துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கிறவரின் விரல் தெரியாமல் பட்டால் வெடிக்கக் கூடாது. நம் பக்கத்தில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, தவறிப் பாய்ந்த குண்டு 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் போராடி, ஜனவரி 3 அன்று அந்தக் குழந்தை இறந்துபோனான். அது பயிற்சித் தளத்திலிருந்து வந்த குண்டு, டிரிக்கர் கோளாறு அல்ல. ஆனால் பயிற்சி பெற்றவர்கள், பயிற்சிக்கென்றே ஒதுக்கிய இடத்தில் சுட்டும் அப்படி நடந்தது. வீட்டு அலமாரியில் இருக்கும் பிஸ்டலைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு அந்தச் செய்திதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

அதற்காக, கனம் கூடக்கூடப் பத்திரம் என்றும் சொல்லிவிட முடியாது. நியூயார்க் போலீஸார் தங்கள் பிஸ்டல்களின் டிரிக்கரை வேண்டுமென்றே 12 பவுண்டு, அதாவது ஏறக்குறைய ஐந்தரை கிலோவுக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். 2012 ஆகஸ்ட்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன்னால் ஒரு கொலையாளியை நோக்கி அவர்கள் சுட்டபோது, வழியில் நின்ற பொதுமக்கள் 9 பேர் காயமடைந்தார்கள். இவ்வளவு கனமான டிரிக்கரை வைத்துக்கொண்டு எப்படிக் குறி பார்ப்பது என்ற விவாதம் அப்போது சூடாக நடந்தது.

அப்படியானால் லேசாக்குவது நல்லதுதானே? வெளிநாடுகளில் தேர்ந்த ஆயுதத் தொழிலாளர்கள் செய்கிறார்கள். ஆனால் ஸ்பிரிங் பலவீனமானால் சுத்தியல் அடியும் பலவீனமாகும். தோட்டா வெடிக்காமல் 'டிக்' என்று மட்டும் சத்தம் வரும். கொக்கியின் விளிம்பைத் தேய்த்தால் விபரீதம் வேறு மாதிரி: பிடிமானம் போய், கீழே விழுந்தாலே வெடிக்கலாம். தலைமுடி அகலத்துக்கும் குறைவான அளவில் நடக்கும் வேலை இது. வீடியோவில் பாலிஷ் போடுவதைக் காட்டுகிறவர், போட்ட பிறகு செய்ய வேண்டிய சோதனைகளைப் பெரும்பாலும் காட்டுவதில்லை.

சட்டம் இன்னும் கறார். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி, துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கும் மாற்றி அமைப்பதற்கும் தனி உரிமம் வேண்டும். வைத்துக்கொள்ளக் கொடுத்த லைசென்ஸ் அதற்குச் செல்லாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு இந்தப் பிரிவை மீறினால் குறைந்தது 7 ஆண்டு சிறை. டிரிக்கர் உண்மையிலேயே இறுகிப்போயிருந்தால் உரிமம் பெற்ற ஆயுத டீலரிடம் கொண்டுபோங்கள். தாத்தா காலத்துப் பிஸ்டல் என்றால் பழைய எண்ணெய் கெட்டியாகி, அழுக்கு சேர்ந்தே பாதிக் கனம் வந்திருக்கலாம். சுத்தம் செய்து புது எண்ணெய் விட்டாலே வித்தியாசம் தெரியும்.

மீதியை விரல்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பிஸ்டல் வீரர்கள் தோட்டா இல்லாமல் வெறும் துப்பாக்கியில் தினமும் பழகுகிறார்கள். மேகசினைக் கழற்றி, அறைக்குள்ளும் தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்க்க வேண்டும். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. ஊசி அடிபடாமல் இருக்க 'ஸ்நாப் கேப்' என்ற போலித் தோட்டா போட்டுக்கொள்ளலாம். ஆள் நடமாட்டம் இல்லாத பக்கத்துச் சுவரை நோக்கி, முனைக்கு மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, அது விழாமல் டிரிக்கரைக் கடைசிவரை நேராகப் பின்னால் இழுங்கள். நடுவில் நிறுத்தி, மூச்சுவிட்டு, மறுபடி இழுக்கக் கூடாது. மற்ற விரல்களின் பிடி மாறவும் கூடாது. முதல் நாள் நாணயம் உருண்டோடும். சில வாரங்களில் நிற்கும்.

வேடிக்கை என்னவென்றால், மிக லேசான, மிக நுட்பமான டிரிக்கர் வைத்திருப்பவர்களுக்கும் கஷ்டம் உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் சுட்டுக்கொண்டிருந்தபோது, அவரது பிஸ்டலின் எலெக்ட்ரானிக் டிரிக்கர் பழுதானது. அதைச் சரிசெய்யவே நேரம் போனது. 575 புள்ளிகளோடு 12-வது இடம், இரண்டே புள்ளியில் இறுதிச்சுற்று நழுவியது. 2024-ல் பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கினார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை.

பட்டுக்கோட்டை நண்பரே, சுடும் ஆசைதான் காரணம் என்றால் அந்த ஏர் பிஸ்டலிலிருந்தே தொடங்குங்கள். .177 அளவுக்குள், 20 ஜூலுக்கு மிகாத ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் தேவையில்லை. திருச்சி கிளப் உங்களுக்கு அதிக தூரமும் இல்லை. போட்டி விதிப்படி அதன் டிரிக்கர் 500 கிராமுக்குக் குறையக் கூடாது. களத்தில் இறங்கும் முன் பிஸ்டலைச் செங்குத்தாகப் பிடித்து, டிரிக்கரில் அரைக்கிலோ எடையை மாட்டித் தூக்கிப் பார்ப்பார்கள். எடையைத் தூக்கும்போது டிரிக்கர் விடுபட்டுவிட்டால் அந்த பிஸ்டலோடு களத்தில் இறங்க முடியாது.