காக்கப்பட்ட கட்டடமும் கைவிடப்பட்ட வரலாறும்

பழைய கட்டடமொன்று இடிக்கப்படும்போது அதன் அழிவு எல்லோர் கண்ணுக்கும் புலனாகின்றது. கட்டடத்தைக் காத்துக்கொண்டே அதன் வரலாற்றை அழிக்கும்போதோ, அவ்வழிவு எவர் கண்ணுக்கும் புலனாவதில்லை, பாராட்டையும் பெற்றுவிடுகின்றது. கொழும்பு கறுவாத்தோட்டத்தில், சுதந்திர சதுக்கத்தின் அருகே, வளைவுத் தாழ்வாரங்களோடும் முற்றங்களோடும் விளங்கும் வணிகத் தொகுதி இதற்குத் தக்க உதாரணமாகும்.

1880களில் பிரித்தானிய ஆட்சியாளர் ஜாவத்தையில் மனநோயாளருக்கென நிறுவிய காப்பகத்தின் கட்டடமே அது. அக்காலத்தில் நடைமுறையிலிருந்தது 1873 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். ஒருவர் சித்த சுவாதீனமுள்ளவரா என்பதை மாவட்ட நீதிமன்றம் விசாரித்துத் தீர்மானிக்க, அத்தீர்மானத்தின் பேரில் அவர் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டார். நோயாளர் தொகை பெருகி நெரிசல் முற்றியதனால் 1920களில் அவர்கள் அங்கொடைக்கு மாற்றப்பட்டனர். பின்னர் அரசாங்க அலுவலகங்கள் அங்கு குடியேறின. கணக்காய்வாளர் தலைமையதிபதி திணைக்களம் நெடுங்காலம் அங்கே இயங்கியது. நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழிருந்த காலத்தில் கட்டடம் புதுப்பிக்கப்பட்டு, 2014 இல் அங்காடித் தொகுதியாகத் திறக்கப்பட்டது.

கட்டடம் இடிபடாது நிலைத்தமை நன்றே. அதனை மறுப்பவர் எவருமிலர். ஆயின் காக்கப்பட்டது யாது? செங்கல்லும் சுண்ணச்சாந்தும் காக்கப்பட்டன, வளைவுகள் காக்கப்பட்டன. அவற்றினூடே பல்லாண்டுகள் நடந்து திரிந்தோரின் நினைவு காக்கப்பட்டதா? தொகுதியின் பெயரிலே சுதந்திரம் இடம்பெறுகின்றது. சுதந்திரம் மறுக்கப்பட்டோருக்காக எழுந்த கட்டடத்துக்கு அப்பெயர் வாய்த்தமை வரலாற்றின் முரண்நகையெனலாம். அம்முரணை அங்கு உலாவுவோர் உணரும்படி செய்வதே பேணுதலின் முதற்கடன். மூலையிலே ஒரு கல்வெட்டைப் பதித்தலாலோ, விளம்பரத் தாளில் ஓரிரு வரி சேர்த்தலாலோ அக்கடன் தீர்ந்துவிடாது.

இவ்வாறு கூறுமிடத்து இரு எதிர்வாதங்கள் எழுதல் இயல்பு. வாடகை வருமானமின்றிப் பழைய கட்டடத்தைப் பராமரித்தல் இயலாது என்பது முதலாவது. இஃது உண்மையே. ஆனால் வணிகத்துக்கு இடமளிப்பது ஒன்று. முழு இடத்தையும் வணிகத்தின் மொழியிலேயே பேசவைப்பது மற்றொன்று. பல கடைகள் கொண்ட தொகுதியிலே வரலாற்றுக்கென ஓர் அறையை ஒதுக்குவதால் எந்த வருமானமும் வீழ்ந்துவிடாது. மக்கள் மகிழ்ந்திருக்க வரும் இடத்திலே துயரக் கதையை ஏன் நினைவூட்ட வேண்டும் என்பது இரண்டாவது. இவ்வாதமே ஆழ்ந்து நோக்கத்தக்கது. கோட்டைகளிலே கைதிகள் வாடினர். போர்க்களங்களிலே மனிதர் மடிந்தனர். அவற்றின் கதையைச் சொல்ல எவரும் கூசுவதில்லை. மனநோயாளரின் கதைக்கு மாத்திரம் கூச்சம் எழுவதேன்? அது துயரமென்பதனாலன்று, இழிவென்று எண்ணுவதனாலேயே. 'அங்கொடைக்கு அனுப்ப வேண்டும்' என்பது இலங்கையில் இன்றும் வசையாக வழங்குகின்றது. ஓர் ஊரின் பெயரையே வசையாக்கிய சமுதாயம், அதற்கு முன்னிருந்த காப்பகத்தை மறக்க விரும்புவதில் வியப்பில்லை. எனவே மறதி இங்கு தற்செயலானதன்று. பழைய இழிவுணர்ச்சியின் புதிய வடிவமேயாகும்.

இப்போக்கு இலங்கைக்கு மாத்திரம் உரியதுமன்று. இலண்டனின் வடபுறத்தே 1851 இல் திறக்கப்பட்ட கொல்னி ஹச் காப்பகம், பின்னாளில் பிறையேர்ன் மருத்துவமனை எனப் பெயர் பெற்று, 1993 இல் மூடப்பட்டது. இன்று அது செல்வர் வாழும் மாளிகைக் குடியிருப்பு. அங்கு நோயாளியாக இருந்த வரலாற்றாசிரியர் பார்பரா ரெயிலர், தம் அனுபவத்தையும் அக்காப்பகத்தின் வரலாற்றையும் இணைத்து 2014 இல் நூலொன்று வெளியிட்டார். கட்டடம் சொல்லாததை நோயாளியே சொல்ல நேர்ந்தது.

இதற்கு மாறான வழியும் உண்டென்பதற்கு இத்தாலியின் திரியெஸ்தே நகர் சான்று. 1971 இல் அங்கிருந்த மனநோய் மருத்துவமனையின் பொறுப்பை ஏற்ற பிராங்கோ பசாலியா, பூட்டிய கதவுகளைத் திறப்பித்தார். 1973 இல் நோயாளரும் கலைஞரும் ஊழியரும் சேர்ந்து செய்த பெரிய நீலக் குதிரை மதிலைத் தாண்டி நகர வீதிகளுக்கு ஊர்வலமாகச் சென்றது. 1978 ஆம் ஆண்டின் 180 ஆம் இலக்கச் சட்டம் இத்தாலி முழுவதும் காப்பகங்களை மூடும் வழியை வகுத்தது. திரியெஸ்தேயின் பழைய வளாகம் இடிக்கப்படவுமில்லை, மறைக்கப்படவுமில்லை. இன்று அது பொதுப் பூங்கா. பழைய கட்டடங்களிலே பல்கலைக்கழகப் பிரிவுகளும் சுகாதார அலுவலகங்களும் இயங்குகின்றன. புதிய பயன்பாடு பழைய நினைவுக்குப் பகையன்று என்பதை அது நிறுவுகின்றது. அங்கு மாற்றத்தைத் தொடக்கியவருள் நோயாளரும் அடங்குவர் என்பதே மனங்கொள்ளத்தக்க வேறுபாடு.

இலங்கையில் இவ்வினா முடிந்துபோனதன்று. அங்கொடையிலே தேசிய மனநல நிறுவகம் இயங்கிவருகின்றது. நோயாளர் அங்கு குடியேறி ஏறத்தாழ நூறாண்டுகளாகின்றன. அங்குள்ள பழைய விடுதிகளின் எதிர்காலமும் ஒருநாள் தீர்மானிக்கப்படும். அப்பொழுது கட்டடக் கலைஞரும் முதலீட்டாளரும் அதிகாரிகளும் மட்டும் கூடி முடிவெடுப்பாராயின் கறுவாத்தோட்டத்துக் கதையே மீண்டும் நிகழும். அங்கு வாழ்ந்தோர், அவர்தம் குடும்பத்தினர், அவர்களைப் பராமரித்த தாதியர், ஊழியர் ஆகியோருக்கும் அக்கூட்டத்தில் இடம் வேண்டும். பழைய பதிவேடுகள், தனிமனிதரின் அந்தரங்கத்துக்கு ஊறு நேராதவாறு, பேணப்படல் வேண்டும். கறுவாத்தோட்டத்துக் கட்டடத்திலும் அதன் முதல் வரலாற்றை மும்மொழியிலும் எடுத்துரைக்கும் நிலையான கூடமொன்று அமைதல் வேண்டும்.

இவை பெருஞ்செலவு கோரும் கோரிக்கைகளல்ல, மனமாற்றம் கோருபவை. மனநோயாளரின் வரலாற்றைத் தன் வரலாறாக ஏற்கத் துணியாத சமுதாயம் எத்தனை வளைவுகளுக்கு வெள்ளையடித்தாலும் அவற்றைப் பேணியதாகாது. கட்டடத்தின் விரிசலை மூடுவது சுண்ணாம்பு. அதன் வரலாற்றையும் மூடுவதற்கு அச்சுண்ணாம்பு பயன்படலாகாது.