மூணு வருஷம்தானே தம்பி?

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் பக்கத்து வீட்டு அண்ணன் கணக்குப் போட்டுக் காட்டினார். "மகளுக்கு இப்போ இருபத்தேழு. சமூகவியல்ல பிஎச்டி சேர்றா. மூணு வருஷம்தானே தம்பி? முப்பதுல முடிச்சிடுவா. அப்புறம் கல்யாணம்."

முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்த மகள் என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்காதீர்கள் அங்கிள் என்றது அந்தப் பார்வை. திறக்கவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

மூன்று என்பது பொய்யில்லை. பிரிட்டனில் முழுநேரமாகப் படித்தால் மூன்று, நான்கு ஆண்டுகள். அங்கே நேராக ஆய்வில் இறங்கிவிடலாம். அமெரிக்காவில் பாடங்களையும் பெரிய தேர்வுகளையும் தாண்டி வர ஏழெட்டு ஆண்டுகள் ஆவது சாதாரணம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு உபகாரச் சம்பளம் 4 ஆண்டுகள் வரைதான். நம் நாட்டில் ஆய்வு வழியில் மூன்று ஆண்டு என்று காகிதத்தில் இருக்கும். வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிப்பவர்கள் அதை மறந்துவிடலாம்.

நேரம் எழுதுவதில் போகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். எனக்குக் கதவுகளில் போனது. தோட்டத்திலிருந்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களைப் பற்றிய ஆய்வு என்னுடையது. நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு நான்கு மாதம் காத்திருந்தேன். தவறு என்னுடையதுதான், ஒப்புதல் படிவத்தை மலாயில் மட்டும் கொடுத்திருந்தேன், பேசப்போவதோ தமிழ்ப் பாட்டிகளிடம். அனுமதி வந்த பிறகு கையில் கோப்போடு மாடி ஏறினால், ஆலோங் ஆள் என்று நினைத்துக் கதவைச் சாத்தினார்கள். ஒரு பாட்டி உள்ளே கூப்பிட்டு மைலோ கலக்கிக் கொடுக்க இன்னும் இரண்டு மாதம் ஆனது.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. போஸ்டனில் இத்தாலியர் வாழ்ந்த பகுதியில் 1936-இல் ஆய்வைத் தொடங்கிய வில்லியம் ஃபுட் வைட்டின் புகழ்பெற்ற நூல் 1943-இல்தான் வெளிவந்தது.

பேட்டி கிடைத்த பிறகும் வேலை இருக்கிறது. 30 பேரிடம் ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் பேசினால் 45 மணி நேர ஒலிப்பதிவு. ஒரு மணி நேரத்தைக் கேட்டு எழுத ஐந்து மணி நேரம் என்று வைத்தாலும் 225 மணி நேரம். தமிழும் மலாயும் கலந்த பேச்சை ஆங்கிலமாக்குவது தனி.

அதனால் திட்டத்தைப் பின்னாலிருந்து போடுங்கள். உபகாரச் சம்பளம் நிற்கும் மாதத்தை முதலில் குறியுங்கள். அதற்கு முன்னால் ஒரு முழு ஆண்டை எழுதுவதற்கு ஒதுக்குங்கள். ஆய்வேட்டைக் கொடுத்த பிறகும் தேர்வாளர்கள் படிக்க, வைவா நடக்க, திருத்த என்று மாதங்கள் போகும். அந்த மாதங்களின் வீட்டு வாடகையை யார் கட்டுவது என்று இப்போதே பேசிவிடுங்கள். முன்பக்கம் மிஞ்சுவதுதான் தலைப்புக்கும் அனுமதிக்கும் களப்பணிக்கும். அது சின்னதாகத் தெரிந்தால் தலைப்பைச் சின்னதாக்குங்கள். ஐந்து ஊர் வேண்டாம், ஒரு புளோக் போதும். மேற்பார்வையாளர் எப்போது நீண்ட விடுப்பில் போகிறார் என்றும் கேட்டு வையுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை.

நேற்று அந்தப் பெண் அழைத்தாள்.

"அப்பாகிட்ட அஞ்சு வருஷம்னு சொல்லிட்டேன் அங்கிள்."

"என்ன சொன்னார்?"

"கல்யாணத்தை நடுவுல வெச்சுக்கலாமான்னு கேட்டார். களப்பணி முடியட்டும்னு சொல்லியிருக்கேன்."