பலகை மாறினும் படங்கள் நிலைக்க



அருப்புக்கோட்டை, திருச்சுழி மானாவாரிச் சீமையில், கூரையைப் பிரிக்குமுன் விதைத் தானியத்தைப் பத்திரப்படுத்துவது வழக்கம். கணினியைப் பழுதுபார்க்கக் கொடுப்போரும் அவ்வாறே செய்தல் நலம்.

“மதர்போர்டு போய்விட்டது” என்றதும் பலர் கலங்குகின்றனர். பிள்ளைகளின் ஞானஸ்நானப் படங்களும், மறைந்த அன்னையின் குரற்பதிவும் பெரும்பாலும் அப்பலகையில் இல்லை; தனியே கழற்றத்தக்க வன்தட்டில் உள்ளன. சில மடிக்கணினிகளில் மட்டும் சேமிப்பகம் பலகையோடே பற்றவைக்கப்பட்டிருக்கும், முன்னரே கேட்டறியுங்கள்.

முதலாவது, வன்தட்டு ‘பிட்லாக்கர்’ பூட்டு உடையதா எனப் பாருங்கள். அதன் திறவுகோல் பழைய பலகையின் பாதுகாப்புச் சில்லைச் சார்ந்தது. பலகை மாறினால் 48 இலக்க மீட்பு எண் கேட்கப்படும். அவ்வெண் பெரும்பாலும் உரியவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும்.

இரண்டாவது, வன்தட்டை வேறொரு கணினியில் இணைத்து, யாவற்றையும் படியெடுக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, பழைய வன்தட்டை மாட்டி இயக்கிப் பாருங்கள். விண்டோஸ் 10, 11 பலவேளை தாமே எழும். எழாவிடில், ‘ஃபார்மட்’ செய்யாமல் மீண்டும் நிறுவலாம். பழைய கோப்புகள் ‘விண்டோஸ்.ஓல்டு’ என்னும் உறையில் தங்கும். அவற்றை உடனே எடுத்துவிடுங்கள்.

உரிமமும் பழைய பலகையோடு பிணைந்ததே. தனியே வாங்கி, கணக்கோடு இணைத்திருந்தால் மீட்கலாம். கணினியோடு வந்தது பொதுவாக மாறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றதையும் எண்ணிச் செலவிடுங்கள்.

பலகையைக் கடையில் வாங்கலாம். அன்னையின் குரலை எங்கே வாங்குவது? இன்றே ஒரு படி எடுத்து வையுங்கள்.