கடன் வாங்கிக் கழித்தலும் யானையின் பாதையும்

சதுரங்க நிரல் எழுதும் மாணவர்களின் செயல்திட்டங்களில் 'மாய எண்' அட்டவணைகள் அப்படியே எடுத்து ஒட்டப்படுகின்றன. நிரல் விரைந்து ஓடுகிறது, மதிப்பெண்ணும் கிடைக்கிறது. அவ்வெண் ஏன் செயல்படுகிறது என்று கேட்டால் விடை வருவதில்லை. பிட்போர்டுப் பாடத்தை மாய எண்ணில் தொடங்குவதே பிழை என்பது என் கருத்து.

பலகையில் 64 கட்டங்கள். கணினிச் சொல்லில் 64 பிட்டுகள். 1970களில் சோவியத் நிரலான கைஸ்ஸாவே இப்பொருத்தத்தைக் கையாண்டது. ஏ1-இல் யானையும் இ1-இல் வேறொரு காயும் நிற்பதாகக் கொள்வோம். அவற்றின் மதிப்புகள் 1, 16, கூட்டினால் 17. அதிலிருந்து யானையின் மதிப்பை இரட்டித்துக் கழித்தால் 15. 17-ஐயும் 15-ஐயும் எக்ஸ்ஆர் செய்தால் 30. அதாவது பி1, சி1, டி1, இ1. அவ்வரிசையில் யானை எட்டும் கட்டங்கள் இவையே. இ1-இல் நிற்பது தன் காயெனில் அதனை நீக்கிவிடலாம்.

தொடக்கப் பள்ளியில் பயின்ற கடன் வாங்கிக் கழித்தல்தான் இது! வெற்றுக் கட்டத்தில் கடன் கிடைப்பதில்லை. ஆகவே அது கட்டம் கட்டமாக நகர்ந்து, காய் நிற்குமிடத்தில் கிடைக்கிறது. அந்தத் தேடலில் மாறிய பிட்டுகளே யானையின் பாதை. எதிர்த்திசைக்குப் பிட்டுகளைத் தலைகீழாக்க வேண்டும். அது சற்றுச் சுமைதான்.

மாய எண் முறையின் வேகத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும் யானைக்கு மட்டுமே 1,02,400 பதிவுகள் கொண்ட அதன் வழக்கமான அட்டவணை, இந்த நகர்வை மாணவர் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. அதனை இரண்டாவதாகக் கற்பிக்கலாம். வாய்மொழித் தேர்வு நடத்தும் பேராசிரியர்கள், மடிக்கணினியை மூடச் சொல்லிவிட்டு, ஏ1 யானையின் பாதையைத் தாளில் கணக்கிடச் சொல்ல வேண்டும்.