கல்லூரி மண்டபத்தில் ஜாஸ்

உட்துறைமுக வீதியில் மாலைக் காற்று வாங்கிக்கொண்டிருந்த எம்மை, திருகோணமலை வளாகத்தில் பயிலும் மாணவர் ஒருவர் மடக்கினார். "ஐயா, ஜாஸ் இசைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் என்ன தொடர்பு? அது மதுக்கடைச் சங்கதியல்லவா?" என்பது அவர் வினா. 1957 வரை பிரித்தானியக் கடற்படை நங்கூரமிட்டிருந்த ஊரில், மேனாட்டு வாத்தியம் என்றதும் மாலுமிகளின் களியாட்டம் நினைவுக்கு வருவதில் வியப்பில்லை.

அமெரிக்காவிலும் அவ்வெண்ணமே நிலவிற்று. அதனை மாற்றியவர்களுள் டேவ் புரூபெக் என்னும் பியானோக் கலைஞரும் அவர் மனைவி அயோலாவும் முக்கியமானவர்கள். கல்லூரி கல்லூரியாகக் கடிதம் எழுதிக் கச்சேரிகளுக்கு இடம் பிடித்தவர் அவ்வம்மையாரே. 1953இல் ஓபர்லின் கல்லூரியில் நிகழ்ந்த கச்சேரி இசைத்தட்டாகவும் வெளிவந்தது. (இசைக்குறியீட்டைப் படிக்கத் தெரியாத புரூபெக், இசை கற்பிப்பதில்லை என்று வாக்களித்த பின்னரே 1942இல் பட்டம் பெற்றார்! எம் போன்றோருக்கு இஃது ஆறுதலான செய்தி.)

1958 பெப்ருவரியில் வட கரோலினாவிலுள்ள கிழக்குக் கரோலினாக் கல்லூரிக்கு இக்குழு சென்றது. அவ்வாண்டுதான் குழுவில் சேர்ந்திருந்த யூஜின் ரைட் கறுப்பினத்தவர். பேஸ் என்னும் பெருந்தந்திக் கருவி வாசிப்பவர். அவரை மேடையேற்றலாகாது என்றனர் நிர்வாகத்தினர். அவரின்றி வாசிக்க மாட்டோம் என்றார் புரூபெக். மண்டபத்தில் மாணவர்கள் பொறுமையிழந்து காலால் தரையை உதைக்கத் தொடங்கினர். மாநில ஆளுநர் வரை தொலைபேசியில் பேச்சுச் சென்றது. ஈற்றில், ரைட் பின்னால் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் அனுமதி கிடைத்தது. புரூபெக் என்ன செய்தார்? ரைட்டின் ஒலிவாங்கி பழுதென்று கூறி, தம் ஒலிவாங்கியில் தனி வாசிப்பு நிகழ்த்துமாறு அவரை மேடையின் முன்புறத்துக்கே அழைத்துவிட்டார்! மாணவர் கூட்டம் ஆரவாரித்தது.

அதே ஆண்டில், அமெரிக்க அரசின் கலைத் தூதுவர்களாக அதே நால்வர் இலங்கைக்கும் வந்தனர். உள்நாட்டில் பின்னே நிற்கச் சொல்லப்பட்டவர், வெளிநாட்டில் அந்நாட்டின் பெருமைக்குச் சான்று! சென்னையில் பழனி சுப்பிரமணிய பிள்ளையவர்களின் இடக்கை மிருதங்கத்தோடு சேர்ந்து வாசித்தார்கள். நமது தனியாவர்த்தனத்தையும் மனோதர்மத்தையும் அறிந்தவர்க்கு, எழுதி வைக்காமல் அவ்வப்போது கற்பித்து வாசிக்கும் ஜாஸ் அந்நியமாகத் தோன்றாது.

1960இல் தென்மாநிலங்களில் ஒப்பந்தமான 25 கச்சேரிகளுள் 23 கைவிடப்பட்டன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை கல்லூரிக் கச்சேரிகள். காரணம் பழையதே. ரைட்டை நீக்கி வேறொருவரை அமர்த்தியிருந்தால் பணம் கிடைத்திருக்கும். 1967இல் குழு கலையும் வரை ரைட்டே அதில் பேஸ் வாசித்தார்.

மாணவர் சிறிது நேரம் கடலைப் பார்த்தார். பின்பு, "அந்த இசைத்தட்டு எங்கே கிடைக்கும், ஐயா?" என்றார்.