வீடும் லயமும்

வீடு என்பது 'விடு' என்னும் முதனிலை திரிந்து பிறந்த தொழிற்பெயர் என மாணாக்கர்க்குப் பல்லாண்டாகக் கற்பித்து வருகின்றேன். பகலெல்லாம் பற்றிநின்ற தொழிலை விட்டு இளைப்பாறும் இடம் என்று அதற்குப் பொருள் விரிப்பதுண்டு. மலையகத் தோட்டங்களிலோ இப்பொருள் செல்லாது. குடும்பத்தில் ஒருவரேனும் தோட்டத்திற் பெயர் பதிந்து உழையாவிடின், அங்கே தலைக்குமேல் உள்ள கூரைக்கான உரிமையே ஆட்டங் காண்கின்றது.

லயங்கள் 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் துரைமார் தொடக்கி வைத்த வரிசைக் கட்டடங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான ஓர் அறையிலே பேரன் பேர்த்தியரோடு மூன்று தலைமுறை ஒடுங்கி வாழ்வதுண்டு. கோப்பி அழிந்து தேயிலை வந்தது. 1972, 1975ஆம் ஆண்டுச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் கம்பனிகளின் கைக்குச் சென்றது. உடையவர் மாறியும் லயம் மாறவில்லை.

காரணம் யாது? 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. வாக்கில்லாதவன் குரல் அரசின் செவிக்கு எட்டுமோ? ஏனைய ஏழைகளுக்குக் குடியேற்றத் திட்டங்களிற் காணி வழங்கிய காலத்தில் இவர்கள் புறத்தே நின்றனர். எஞ்சியோர்க்குக் குடியுரிமை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே கிட்டியது. தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் தம் நிதியைச் செலவிடுதற்கு இருந்த சட்டத்தடையும் 2018 வரை நீங்கவில்லை. கம்பனி அரசைச் சுட்டும். அரசு கம்பனியைச் சுட்டும். இடையிலே கூரை ஒழுகும்.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அபாயம் முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆயினும், ஒதுங்கிச் செல்லத் தமக்கென ஒருபிடி நிலமில்லாதவர்க்கு எச்சரிக்கை என்ன செய்யும்?

அதன்பின் ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்னுங் கொள்கை வந்தது. இந்திய உதவியோடும் வீடுகள் எழுந்தன. நன்று. ஆனால் செங்கல்லும் சீமெந்தும் சுவரை நிறுத்துமேயன்றி உரிமையை நிறுத்தா. காணி உறுதி கையில் இல்லாதவரை, புதுவீடும் முற்றம் உள்ள லயமே என்பது என் துணிபு. உறுதி இருந்தாலன்றோ மகன் வேறு தொழில் நாடிச் செல்லவும், முதியோர் ஓய்வுபெற்றபின் அஞ்சாது இருக்கவும் இயலும்?

ஆதலின், வீட்டுத் திறப்பு விழாக்களைக் காணும் அறிஞர்கள் ஒரு வினாவை எழுப்புதல் வேண்டும்: உறுதி எங்கே? அவ்வுறுதியிலே கொழுந்து கூடை சுமக்கும் மனைவியின் பெயரும் உளதா?