வாசலில் ஒரு பெட்டி

ஸ்ட்ராஸ்பர்க் கூட்டம் நெருங்கினால், பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்களின் அறை வாசல்களில் பெட்டிகள் வந்து உட்கார்ந்துவிடும். கோப்பு, வாக்குப் பட்டியல், பேச்சுக் குறிப்பு என்று உதவியாளர் அள்ளிப் போட்டு மூடி வைத்தால், லாரி அதை நானூறு கிலோமீட்டருக்கு மேல் சுமந்துபோய், பிரான்சில் அதே உறுப்பினருக்கு இருக்கும் இன்னோர் அறையின் வாசலில் இறக்கும். நாலு நாள் கழித்து அதே பெட்டி, அதே சாலை. ஆண்டுக்கு 12 முறை. ஆடியில் வீடு மாறவே யோசிக்கிற நமக்கு இது கூத்தாகத்தான் தெரியும்.

உறுப்பினர்களில் பெரும்பாலோருக்கும் அப்படித்தான் தெரிகிறது. ஒரே ஊரில் கூடினால் ஆண்டுக்கு 11.4 கோடி யூரோ மிச்சம் என்று ஐரோப்பியத் தணிக்கை மன்றம் 2014இல் கணக்கும் காட்டியது. ஆனால் ஸ்ட்ராஸ்பர்க் ஏற்பாடு ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதை மாற்ற 27 நாடுகளும் சம்மதிக்க வேண்டும். பிரான்ஸ் சம்மதிக்குமா?

இந்த உறுப்பினர்களின் நாட்காட்டியில் வாரங்களுக்கு நிறம் உண்டு. சபை கூடும் வாரம் சிவப்பு, குழுக்கள் கூடும் வாரம் ரோஸ். தொலைக்காட்சியில் வருவது சிவப்பு வாரம்தான். அங்கே 720 பேர், 24 மொழிகள். சாதாரண உறுப்பினருக்குக் கிடைப்பது ஒன்றோ இரண்டோ நிமிடம். அவசரத்தில் வேகமாகப் பேசினால் மொழிபெயர்ப்பாளர் தவறவிடுவார், பேச்சு பாதி அரங்குக்குப் போய்ச் சேராது. அடுக்குமொழி வல்லவர்கள் பிழைக்க முடியாத சபை அது.

உருப்படியான வேலை ரோஸ் வாரத்தில் நடக்கிறது. நம் எம்.பி.க்களைப் போலத் தனிநபர் மசோதா கொண்டுவர இவர்களுக்கு வழியில்லை. சட்ட முன்மொழிவு பெரும்பாலும் ஐரோப்பிய ஆணையத்திடமிருந்துதான் வர வேண்டும். வந்ததைத் திருத்துவதில்தான் இவர்களின் பலம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குழுக்களில் குவிந்த திருத்தங்கள் 3,999. உட்கார்ந்து படிக்க ஆள் வேண்டாமா?

சார்ஜர் கதையையே எடுத்துக்கொள்வோம். எல்லா போனுக்கும் ஒரே சார்ஜர் என்று நாடாளுமன்றம் பல ஆண்டுகள் நச்சரித்தது. 2021 செப்டம்பரில் ஆணையம் முன்மொழிவைக் கொடுத்ததும், மால்டா உறுப்பினர் அலெக்ஸ் அஜியஸ் சலிபாவிடம் கோப்பு போனது. மொத்தமே ஆறு உறுப்பினர்களை அனுப்பும் குட்டித் தீவு மால்டா. எதிரணிகளுடன் பேசி, வரைவைச் சமரசத்துக்குக் கொண்டுவந்து, அரசுகளின் பிரதிநிதிகளோடு மூடிய கதவுக்குள் பேரம் நடத்தி, 2022 ஜூனில் உடன்பாடு கண்டார். அக்டோபர் 4 அன்று சபையில் ஆதரவு 602, எதிர்ப்பு 13. மறு ஆண்டு ஆப்பிளும் இறங்கி வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் தயாரான ஐபோன் 15இலும் டைப்-சி முனைதான்.

சபைக்கு வராமல் இருந்துவிடவும் முடியாது: வாக்கெடுப்பு நாளில் பெயர்வாரி வாக்குகளில் பாதிக்கு மேல் தவறவிட்டால், அன்றைய தினப்படி பாதியாகிவிடும். நம் சபைகளுக்கு இதை மட்டுமாவது இறக்குமதி செய்யலாம்.

2024 டிசம்பர் 28 முதல் போன்களுக்கு நடைமுறைக்கு வந்த சார்ஜர் விதி, மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28 முதல் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.